ஐந்தடி நாலங்குலப் பெண்ணுக்கு வாலிபாலில் இடம் உண்டா?

கேள்வி: மேடம், நாங்கள் இராஜபாளையம் பக்கம் ஒரு கிராமம். நான் ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்க்கிறேன். என் மகள் பத்தாம் வகுப்பு எழுதி முடித்திருக்கிறாள். ஏழாம் வகுப்பிலிருந்து வாலிபால் ஆடுகிறாள். இந்த வருஷம் அவள் பள்ளி அணி மாவட்ட அளவில் ஜெயித்தது. வலையருகே குதித்துப் பந்தை அடிக்கும் அட்டாக்கராக ஆடுகிறாள். உயரம் ஐந்தடி நாலங்குலம். கொரியாவின் கிம் யோன் குங் ஆடுவதைப் போனில் பார்த்துவிட்டு, நானும் வெளிநாட்டு லீக்கில் ஆடுவேன் என்கிறாள். ப்ளஸ் ஒன்னுக்கு அரசு விளையாட்டு விடுதியில் சேர்க்கச் சொல்கிறார் பி.டி. சார். என் வீட்டுக்காரரும் மாமியாரும், பந்து தட்டினால் சோறு கிடைக்குமா, வெயிலில் கறுத்துப் போனால் நாளைக்கு யார் கட்டுவார்கள் என்கிறார்கள். இரண்டு மாதமாக இடது முட்டிக்குக் கீழே வலி என்கிறாள். யாரிடமும் சொல்லாதே என்று என்னிடம் மட்டும் சொன்னாள். இதில் பிழைக்க முடியுமா? உண்மையைச் சொல்லுங்கள்.

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

பிழைக்கலாம். ஆனால் உங்கள் மகள் நினைக்கிற வழியில் அல்ல, இன்றைக்கு அவள் நின்று ஆடுகிற இடத்திலும் அல்ல. நான் பதினோரு வருஷம் ஆடியவள், விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்குப் போனவள், இருபது வருஷமாகப் பெண்பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். இந்த மாதிரிக் கடிதங்கள் நிறைய வரும். பெரும்பாலும் அப்பாக்கள் எழுதுவார்கள், கப்பும் மெடலும் பட்டியல் போட்டு. நீங்கள் முட்டி வலியை எழுதியிருக்கிறீர்கள். அது காத்திருக்காது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

சொன்னால் ஆட விடமாட்டார்கள் என்ற பயத்தில்தான் அவள் மறைக்கிறாள். நானும் மறைத்தவள். ஒரு போட்டியில் வலையருகே குதித்து இறங்கும்போது, எதிரணிப் பெண்ணின் பாதத்தின்மேல் கால் வைத்துவிட்டேன். கணுக்கால் பிசகியது. கிரேப் பேண்டேஜைச் சுற்றிக்கொண்டு மறுநாள் அரையிறுதி ஆடினேன். எல்லோரும் பாராட்டினார்கள். இருபத்தைந்து வருஷம் கழித்தும் மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைத் தேடுகிறேன்.

முட்டிச் சில்லுக்குக் கீழே, விரலால் தொட்டுக் காட்டும்படி ஒரே இடத்தில் வலி இருந்தால், அது பெரும்பாலும் குதிப்பவர்களுக்கு வரும் தசைநாண் வலி. வளரும் வயதில் அந்த நாண் எலும்பில் சேரும் இடத்தில் வரும் வலியாகவும் இருக்கலாம். பள்ளி மைதானம் சிமென்ட் தரையா என்று பாருங்கள். தினமும் நூறு தடவை அதன்மேல் குதித்து அடித்தால் எந்த முட்டிதான் தாங்கும்? ஆட்டத்தை அடியோடு நிறுத்த வேண்டாம், குதிப்பதை மட்டும் இப்போதைக்கு நிறுத்துங்கள். சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி முக்கால் நிமிஷம், ஒரு நாளைக்கு ஐந்து தடவை உட்காரச் சொல்லுங்கள். மறுநாள் காலையில் வலி கூடியிருந்தால் அளவு அதிகம் என்று பொருள், குறைக்க வேண்டும். முட்டி வீங்கினாலோ, மடக்கி நீட்டும்போது சிக்கிக்கொண்டாலோ, நடக்கும்போது திடீரென்று மடிந்துபோனாலோ வீட்டு வைத்தியம் வேண்டாம். எலும்பு மருத்துவரிடம் உடனே காட்டுங்கள். வலி தெரியாமல் ஆட ஊசி போட்டு விடுகிறேன் என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள்.

தாய் என்பதால் உங்களிடம் இன்னொன்றும் கேட்கிறேன். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா? கடும் பயிற்சியில் இருக்கும் பெண்ணுக்கு இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போனால், ஆடும் அளவுக்கு அவள் சாப்பிடவில்லை என்பது ஒரு முக்கியக் காரணமாக இருக்கும். எலும்பும் அதில்தான் பலவீனமாகிறது. ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவைப் பார்த்துவிடுங்கள். முட்டை, கடலை, கேழ்வரகு, கீரை, பருப்பு, இவை வீட்டில் இருந்தால் போதும். டப்பாவில் வரும் பவுடர் தேவையில்லை.

இனி கிம் விஷயம். உங்கள் மகள் அவருடைய ஸ்மாஷை மட்டும்தான் பார்த்திருக்கிறாள் என்று நினைக்கிறேன். 192 சென்டிமீட்டர் உயரம், 2012 லண்டன் ஒலிம்பிக்கில் கொரியா நான்காவது இடம்தான் பிடித்தது, ஆனாலும் அந்தப் போட்டியின் மிகச் சிறந்த வீராங்கனை விருது அவருக்கு. அதே வருஷம் துருக்கியின் ஃபெனர்பாச்சே அணிக்காக ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் பட்டம். வீடியோவில் தெரியாத கதை ஒன்று உண்டு. நடுநிலைப் பள்ளியில் படிக்கும்போது அவர் அணியிலேயே குள்ளமான பெண்களில் ஒருவர். அடிக்க விட மாட்டார்கள். அதனால் பந்து எடுப்பதையும், அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுத்து செட் செய்வதையும் கற்றுக்கொண்டார். உயர்நிலைப் பள்ளியில்தான் இருபது சென்டிமீட்டருக்கு மேல் கிடுகிடுவென வளர்ந்தார். அத்தனை உயரத்தில் அத்தனை சுத்தமாக எதிரணியின் சர்வீஸை வாங்கி எடுக்கும் ஆட்டக்காரி உலகத்தில் அபூர்வம், அவரை உலக அணிகள் தேடியதற்கு அதுவும் ஒரு காரணம். உயரம் இல்லாத வருஷங்களில் கற்றது அது.

உங்கள் மகள் இனி இருபது சென்டிமீட்டர் வளரப் போவதில்லை. பதினாறு வயதில் பெண்பிள்ளைகளின் வளர்ச்சி ஏறக்குறைய முடிந்துவிடும். பெண்கள் வாலிபாலில் வலையின் மேல்விளிம்பு 2.24 மீட்டர். 163 சென்டிமீட்டர் உள்ள பெண் கையைத் தூக்கி நின்றால் விரல்நுனி ஏறக்குறைய 2.10 மீட்டரைத் தொடும். அரை மீட்டர் குதித்தால் 2.60. உலக அளவில் அடிப்பவர்கள் மூன்று மீட்டரைத் தொடுகிறார்கள். மாவட்டப் போட்டியில் இந்த வித்தியாசம் தெரியாது, எதிரில் நிற்பவர்களும் அதே உயரம்தான். மாநில அணித் தேர்வுக்குப் போகும் அன்று தெரியும். எதிரே ஆறடிக்குப் பக்கத்தில் ஒரு பெண் பந்தைத் தடுக்க, அதாவது பிளாக்குக்கு, கை தூக்குவாள், உங்கள் மகள் அடித்த பந்து அதில் பட்டு உங்கள் மகளின் காலடியிலேயே திரும்பி விழும். அப்படி விழுந்த நாளோடு ஆட்டத்தை விட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும். நல்ல ஆட்டக்காரிகள் அவர்கள். நிற்கக் கூடாத இடத்தில் அவர்களை நிற்க வைத்தது எங்களைப் போன்ற பயிற்சியாளர்களின் தவறு.

ஆகவே என் பதிலின் சாரம் இதுதான்: அவளை அட்டாக்கர் இடத்திலிருந்து இப்போதே எடுங்கள். செட்டராக்குங்கள், அடிப்பவளுக்குப் பந்தை அமைத்துக் கொடுக்கிறவளாக. அது ஒத்துவராவிட்டால் லிபரோ, பின்னால் நின்று பந்தை எடுக்கிறவள்.

ஜப்பானில் யோஷியே தாகேஷிதா என்று ஒரு செட்டர் இருந்தார். உயரம் 159 சென்டிமீட்டர், உங்கள் மகளைவிட நாலு சென்டிமீட்டர் குறைவு. 2000 சிட்னி ஒலிம்பிக்குக்கு ஜப்பான் தகுதி பெறாமல் போனபோது, இத்தனை குள்ளமான செட்டரை வைத்து ஆடினால் இப்படித்தான் ஆகும் என்று அவர்மேல் பழி விழுந்தது. இடையில் ஆட்டத்தையே விட்டுப் போனார், பிறகு திரும்பி வந்தார். 2006 உலக சாம்பியன்ஷிப்பில் மிகச் சிறந்த வீராங்கனை விருது அவருக்குத்தான் கிடைத்தது, ஜப்பான் பதக்கம் வாங்காதபோதும். 2012 லண்டனில் ஜப்பான் 28 வருஷத்துக்குப் பிறகு வென்ற ஒலிம்பிக் வெண்கலம் அவர் கைவழியாக வந்தது. விரல் எலும்பு முறிந்த நிலையில் அதை வெளியில் சொல்லாமல் ஆடினார் என்று பின்னால் தெரிந்தது. (இந்த ஒரு விஷயத்தை மட்டும் உங்கள் மகள் அவரிடம் கற்க வேண்டாம்.)

செட்டர் என்றால் பந்தைத் தூக்கிக் கொடுப்பவள் என்று நம் ஊரில் நினைக்கிறார்கள். பந்து கீழே விழாமல் போய்வரும் ஒவ்வொரு ராலியிலும், தன் அணி தொடும் இரண்டாவது பந்து அவளுடையது. எந்த அட்டாக்கருக்கு, எவ்வளவு உயரத்தில், எவ்வளவு வேகத்தில் என்று அரை நொடியில் முடிவு எடுப்பவள் அவள். நல்ல செட்டரின் பக்கத்தில் நின்றால் பந்து கைக்கு வந்து போன சத்தமே கேட்காது. இரண்டு பெருவிரலும் இரண்டு சுட்டுவிரலும் நெற்றிக்கு மேலே ஒரு முக்கோணம் மாதிரி நிற்கும். பந்து உள்ளங்கையில் படாது, விரல்களின் மெத்தையில் வந்து உட்கார்ந்து எழும். பட்டென்று சத்தம் வந்தால் உள்ளங்கையில் பட்டது என்று அர்த்தம். பழகுவதற்கு இரண்டு வருஷம் ஆகும். பதினாறில் தொடங்கினால் பதினெட்டில் கை வந்துவிடும். அந்தப் பதினெட்டு ஏன் முக்கியம் என்பதைக் கீழே சொல்கிறேன்.

லிபரோ என்பது 1998இல் சர்வதேச ஆட்டத்தில் வந்த இடம். வேறு நிறச் சட்டை போட்டுக்கொண்டு, பின்வரிசையில் மட்டும் நின்று, சர்வீஸையும் ஸ்மாஷையும் எடுப்பவள். வலைக்கு மேலே அடிக்கவோ பிளாக் செய்யவோ அவளுக்கு அனுமதி இல்லை. அதனால் குதிக்கும் தேவையும் குறைவு, முட்டிக்கும் நிம்மதி. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற இத்தாலி அணியின் லிபரோ மோனிகா டி ஜென்னாரோவுக்கு அப்போது வயது 37.

இனி சோற்றுக்கு வருவோம். நீங்கள் மில்லில் வேலை செய்பவர், உங்களுக்கு இந்தக் கதை பிடிக்கும். ஒலிம்பிக்கில் வாலிபால் முதன்முதலாகச் சேர்ந்தது 1964இல், டோக்கியோவில். பெண்கள் தங்கம் ஜப்பானுக்கு. அந்த அணியில் பெரும்பாலானோர் ஒசாகா பக்கத்தில் கைசுகா என்ற ஊரில் இருந்த நிச்சிபோ நூற்பாலையின் ஊழியர்கள். பகலில் ஆலை அலுவலகத்தில் வேலை, பிறகு நள்ளிரவு வரை பயிற்சி. அவர்களுடைய பயிற்சியாளர் பிள்ளைகளை வதைத்த விதத்தை நான் பாராட்ட மாட்டேன். ஆனால் ஒரு நூற்பாலை தன் பெண்களுக்கு வேலையும் கொடுத்து ஆட்டமும் கொடுத்தது என்பதைக் கவனியுங்கள். ஜப்பானின் பெரிய அணிகள் இன்றும் அப்படிக் கம்பெனிகள் வளர்த்தவைதான். இழை தயாரிக்கும் டோரே, வலிக்கு ஒட்டும் பட்டை தயாரிக்கும் ஹிசாமிட்சு. துருக்கியின் வாக்கிஃப்பாங்க் ஒரு வங்கியின் அணி, எஜ்ஸாஜிபாஷி மருந்துத் தொழிலில் வளர்ந்த ஒரு குழுமத்தின் அணி. கிம் முதலில் ஆடியதும் கடைசியில் ஆடியதும் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் அணியில்.

நம் நாட்டில் அந்த இடத்தில் இருப்பது ரயில்வே. பெண்கள் தேசியப் போட்டியில் பல வருஷமாக ரயில்வேயும் கேரளாவும்தான் மோதிக்கொள்கின்றன. கேரள மின்வாரியத்துக்கும் பெண்கள் அணி உண்டு. 2022இல் தொடங்கிய ப்ரைம் வாலிபால் லீக் ஆண்களுக்கானது. ஆகவே நம் பெண் வாலிபாலில் சம்பாதிப்பது ஒப்பந்தப் பணத்தால் அல்ல, அந்த ஆட்டம் வாங்கித் தரும் வேலையால். இதைக் குறைவாக நினைக்காதீர்கள். முட்டி உடைந்தாலும் மாதச் சம்பளம் வரும், பிரசவ விடுப்பு உண்டு, ஆட்டம் முடிந்தபின் முப்பது வருஷம் வேலை இருக்கும். உலகத்தின் பெரிய லீக்கில் ஆடும் பல பெண்களுக்கு இது இல்லை.

ரயில்வே விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர வயது 18 முதல் 25 வரை. ப்ளஸ் டூ முடித்தவர்களுக்குச் சம்பளப் படிநிலையில் லெவல் 2 அல்லது 3. லெவல் 2இன் தொடக்க அடிப்படைச் சம்பளம், ஏழாவது ஊதியக் குழுப்படி, 19,900 ரூபாய், அதன்மேல் படிகள். பட்டம் இருந்தால் லெவல் 4, 5க்கு முயலலாம், 5இன் தொடக்கம் 29,200. ஆகவே ஆடுகிறவளுக்குப் படிப்பு எதற்கு என்று பி.டி. சாரே சொன்னாலும் கேட்காதீர்கள். மாநில அணிச் சட்டை போட்டிருந்தால் மட்டும் போதாது, அந்த அணி தேசியப் போட்டியில் எத்தனையாவது இடம் பிடித்தது என்பதையும் பார்ப்பார்கள். தமிழ்நாடு அரசு வேலைகளிலும் விளையாட்டுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. பொறியியல் கலந்தாய்விலும் தனி ஒதுக்கீடு உண்டு. ரயில்வேயின் கதவு ஏழு வருஷம்தான் திறந்திருக்கும். பதினெட்டில் கை பழகியிருக்க வேண்டும் என்று சொன்னது இதனால்.

எனக்கு வீணாய்ப் போன ஒரு வருஷத்தையும் சொல்கிறேன். எனக்கு வேலை உறுதியான நேரம், சான்றிதழ் சரிபார்ப்பில் நிறுத்திவிட்டார்கள். தேசியப் போட்டிச் சான்றிதழில் என் பெயருக்கு முன்னால் அப்பாவின் எழுத்துக்குப் பதிலாக வேறு யாருடைய எழுத்தோ இருந்தது. அதைத் திருத்தி வாங்க ஒரு அலுவலகத்துக்குப் பதினாலு தடவை நடந்தேன். அப்பா ஆட்டை விற்றுப் பஸ்ஸுக்குக் காசு கொடுத்தார். மைதானத்தில் சான்றிதழைக் கையில் வாங்கிய அன்றே பெயர், முதலெழுத்து, பிறந்த தேதி மூன்றையும் படித்திருந்தால் அங்கேயே திருத்தியிருப்பார்கள். மத்திய அரசு விதியில் தனித்தனிச் சான்றிதழ்ப் படிவங்கள் இருக்கின்றன. நாட்டுக்காக ஆடியவர்களுக்கு முதல் படிவம், மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடியவர்களுக்கு இரண்டாவது, பல்கலைக்கழக அணிக்கு மூன்றாவது, தேசியப் பள்ளி விளையாட்டுக்கு நான்காவது. கப்பு அலமாரிக்கு, படிவம் வேலைக்கு என்று என் பிள்ளைகளிடம் சொல்வேன்.

வெளிநாட்டு ஆசையை வெட்டிவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. இந்தோனேசியாவில், கிழக்கு ஜாவாவின் ஜெம்பரைச் சேர்ந்த மெகாவதி ஹங்கெஸ்திரியை அவளுக்குக் காட்டுங்கள். தலையில் ஹிஜாப் கட்டிக்கொண்டு ஆடுபவர். 2023இல் கொரிய லீக் ஆசிய நாட்டவருக்கென்று அணிக்கு ஒரு இடம் ஒதுக்கியபோது உள்ளே போனார். அந்த இடத்துக்கு முதல் பருவச் சம்பளம் ஒரு லட்சம் டாலர். 2025 ஏப்ரலில் கிம் தன் கடைசி ஆட்டத்தில் பட்டம் வென்று 37 வயதில் ஓய்வு பெற்றாரே, அந்த இறுதிச் சுற்றில் எதிரணியில் நின்றவர் மெகாவதிதான். அது முடிந்ததும் அம்மாவுக்கு அருகில் இருக்க வேண்டும் என்று ஊர் திரும்பினார். நம் பக்கத்து ஆசியப் பெண்ணுக்குத் திறந்த கதவு நமக்கும் திறக்கலாம். ஆனால் அவர் உயரம் 185, அவர் போன வழி அட்டாக்கரின் வழி. வெளிநாட்டு ஆட்டக்காரிக்குக் காசு கொடுக்கும் அணி பெரும்பாலும் பாயின்ட் எடுப்பவளைத்தான் தேடும். செட்டராக உங்கள் மகள் அங்கே போவது கடினம். இதை அவளிடம் மறைக்காமல் சொல்லுங்கள், தாங்கிக்கொள்வாள்.

அங்கே போனாலும் எல்லாம் தேன் இல்லை. உலகத்தின் தலைசிறந்த பெண்கள் லீக்குகளில் ஒன்று இத்தாலியுடையது. அங்கே பல பத்தாண்டுகளாக வாலிபால் பெண்கள் சட்டத்தின் கண்ணில் தொழில்முறை ஆட்டக்காரர்களாக அல்ல, அமெச்சூர்களாகவே இருந்தார்கள். லாரா லூலி என்ற வீராங்கனை 2019இல் கர்ப்பமானதும் ஒப்பந்தம் முடிக்கப்பட்டது. கரு கலைந்துபோனது. பாக்கிச் சம்பளத்தைக் கேட்டபோது, தாயாகும் எண்ணத்தை முன்கூட்டியே சொல்லவில்லை என்று கிளப் அவர்மேலேயே நஷ்டஈடு கேட்டது. 2021இல் செய்தி வெளியே வந்து நாடே கொதித்தபின் பின்வாங்கியது. அதைப் படித்த இரவு நான் என் பழைய நியமன ஆணையை எடுத்துப் பார்த்தேன்.

விடுதிக்கு அனுப்பலாமா என்றால், அனுப்பலாம். தங்குமிடமும் சாப்பாடும் பயிற்சியும் அரசு கொடுக்கிறது, தினமும் தன்னைவிட நன்றாக ஆடுகிறவர்களோடு ஆடக் கிடைக்கும். சேர்க்கும் முன் ஒரு தடவை நீங்களே நேரில் போங்கள், வீட்டுக்காரரை மட்டும் அனுப்பாதீர்கள். இரவில் பெண் வார்டன் உள்ளே தங்குகிறாரா, வெளியூர்ப் போட்டிக்குப் பெண் மேலாளர் கூடப் போகிறாரா, பிள்ளை வீட்டுக்குத் தனியாகப் போன் பேச முடியுமா என்று கேளுங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும். மூத்த பிள்ளைகள் இளையவர்களைத் துணி துவைக்க வைப்பது, அடிப்பது எல்லாம் அணிப் பழக்கம் என்று சிலர் சொல்வார்கள். கொரியாவில் தேசிய அணியின் இரட்டைச் சகோதரிகள் இருவர், பள்ளி நாட்களில் சக ஆட்டக்காரிகளைக் கொடுமை செய்தது 2021இல் வெளியே வந்து, தேசிய அணியிலிருந்தே நீக்கப்பட்டார்கள். எது நடந்தாலும் அம்மாவிடம் சொல்லலாம், சொன்னால் ஆட்டத்தை நிறுத்தமாட்டாள் என்ற நம்பிக்கை அவளுக்கு இருக்க வேண்டும். முட்டி வலியை உங்களிடம்தானே சொன்னாள், அந்த நம்பிக்கை ஏற்கெனவே இருக்கிறது. அதைக் காப்பாற்றுங்கள்.

மாமியாரிடம் கறுப்பு, கல்யாணம் பற்றியெல்லாம் வாதாட வேண்டாம். சம்பளத் தொகையையும் பிரசவ விடுப்பையும் சொல்லுங்கள். என் மாமியார் அந்த இரண்டுக்குத்தான் அசைந்தார்.

விடுதித் தேர்வு கோடையிலேயே நடக்கும். விண்ணப்பத்திலோ பயிற்சியாளரிடமோ, செட்டராக ஆட விரும்புகிறாள் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதுவரை குதிக்க வேண்டாம். வீட்டுச் சுவரில் தரையிலிருந்து மூன்று மீட்டர் உயரத்தில் கரித்துண்டால் ஒரு வட்டம் போடச் சொல்லுங்கள், தட்டளவு. இரண்டு அடி தள்ளி நின்று, விரல்களால் மட்டும் பந்தை அந்த வட்டத்தில் விட்டுவிட்டு வாங்கட்டும். தொடர்ந்து ஐம்பது, கீழே விழாமல். முதல் வாரம் பத்தைத் தாண்டமாட்டாள், அழுவாள். ஐம்பது வந்த அன்று போனில் வீடியோ எடுத்து எனக்கு அனுப்புங்கள், பக்கவாட்டிலிருந்து, முழங்கை தெரியும்படி. சத்தத்தை அணைக்காமல் எடுங்கள்.